கதையில் செத்தவளுக்காக ஏன் அழுகிறோம்?

என் அலமாரியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கிறது. ஏழெட்டுத் தடவையாவது வாசித்திருப்பேன், ஆனால் அதன் கடைசி 14 பக்கங்களை ஒரே ஒரு தடவைதான் வாசித்திருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பக்கங்களில்தான் அதில் வரும் கிழவி சாகிறாள். அதற்கு முந்தின பக்கத்தில் அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருப்பாள், அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவேன். முதல் தடவை வாசித்து முடித்தது நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன், தக்கலை பஸ் இரண்டு கண் முன்னாலேயே கிளம்பிப் போனது, ஏறத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"அது கதைதானே" என்பார்கள். கதை என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் அழுகை வருகிறதே, அது எப்படி? 1975-இல் காலின் ராட்ஃபோர்டு என்ற தத்துவப் பேராசிரியர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, இல்லாத ஒருவருக்காக வருந்துவது இயல்பாக இருக்கலாம், ஆனால் பகுத்தறிவுக்கு ஒத்துவரவில்லை என்று எழுதினார். அவருடைய கேள்வி எனக்குப் பிடிக்கும், பதிலை ஏற்க முடியவில்லை. அதற்கு முதல் காரணம் எங்கள் ஆச்சி.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வில்லுப்பாட்டு உண்டு. மணி கட்டிய பெரிய வில், குடம், உடுக்கு, தாளம், நடுவில் வீசுகோலோடு புலவர். நம் மாவட்டத்துக் கொடைகளில் பாடப்படும் கதைகளில் பல அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமான கதைகள்தான், அதனால் யார் சாகப்போகிறார்கள் என்று மண்ணில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அறுபது வருஷமாக அதே கதையைக் கேட்ட ஆச்சி, சாகப்போகிறவன் வீட்டை விட்டு இறங்கும் இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "போவாண்டாம் மக்களே" என்பாள். அவன் போவான், சாவான், ஆச்சி அழுவாள். "அதுதான் தெரியுமே ஆச்சி, பின்னே எதுக்கு அழுதே?" என்று ஒரு தடவை கேட்டேன். "செத்தா அழாண்டாமா?" என்றாள்.

ஆச்சி செய்ததை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர். 1989-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், அமெரிக்கர்களுக்கு ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிய சிறு கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்தார். அவர் முதல் குடியரசுத் தலைவர் ஆகாமலே போய்விடுவாரோ என்று தோன்றும்படி எழுதிய கதை. பிறகு 'வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்ற வரியைக் காட்டி, சரியா தப்பா என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் அந்தக் கதையை வாசித்தவர்கள் 'சரி' என்று சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு தெரியும் என்பது நினைவில் ஒரு பக்கம் கிடக்கிறது, கதைக்குள் நின்று அடுத்து என்ன என்று பதறும் மனசு அதைப் போய் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, பதற்றம் புரிகிறது. ஆனால் அச்சடித்த எழுத்திலிருந்து ஒரு ஆள் எப்படி எழுந்து வருகிறார்?

ஆளைக் கண்டுபிடிக்க நம் மூளைக்கு ரொம்பக் கொஞ்சம் போதும். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல் என்ற இருவர் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் கதவுள்ள ஒரு கட்டமும் மட்டும் வரும் சின்னப் படம் ஒன்றைக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் கேட்டார்கள். ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று சொன்னார். மற்ற எல்லாரும் மிரட்டுகிறவன், பயந்து ஒளிகிறவள், காப்பாற்ற வருகிறவன் என்று கதை சொன்னார்கள். முக்கோணத்துக்கே இந்தப் பரிவு கிடைக்கிறது என்றால், 400 பக்கம் கூடவே நடந்து, கோபப்பட்டு, பொய் சொல்லி, மன்னிப்புக் கேட்ட ஒருத்திக்கு எவ்வளவு கிடைக்கும்!

அப்புறம் அவளுக்கு ஒரு உலகம் வேண்டும். 2009-இல் நிக்கோல் ஸ்பியரும் ஜெஃப்ரி சாக்ஸும் ஒரு சிறுவனின் சாதாரண நாளைப் பற்றிய கதையை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குச் சொல் சொல்லாகக் காட்டி வாசிக்க வைத்தார்கள். கதையில் அவன் ஒரு பொருளை எடுத்தால், கையால் எடுப்பதோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் வேலை செய்தன. இடம் மாறினால், இடத்தைக் கவனிக்கும் பகுதிகள். வாசிக்கிறவர் அசையாமல் கிடக்கிறார், உள்ளே அவர் அந்த வேலைகளைத் தாமே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது 2007-இல் வந்த இன்னொரு ஆய்வு. டெமிஸ் ஹசாபிஸ் (2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்), எலனோர் மக்வயர் முதலானவர்கள் செய்தது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு, நடந்ததை நினைவில் பதிப்பது அது. அந்தப் பகுதி சேதமான ஐந்து பேரிடம் நடந்ததை விட்டுவிட்டு நடக்காத ஒன்றைக் கேட்டார்கள்: வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து, என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். ஒருவருக்குப் பறவைச் சத்தமும் கடல் இரைச்சலும் கேட்டன, விரலிடுக்கில் மணல் நெருடியது, ஆனால் கண்ணுக்கு வானத்தின் நீலத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. துண்டு துண்டாக இருந்தது, ஒரு இடமாகக் கூடிவரவில்லை. நினைவும் கற்பனையும் ஒரே பட்டறையில்தான் நடக்கின்றன, பட்டறை பழுதானால் இறந்தகாலத்தோடு இல்லாத உலகமும் சேர்ந்து போய்விடுகிறது.

அப்படியென்றால் ஒரு நாவலின் உலகத்தை நான் கட்டுவதற்குச் செங்கல் எங்கிருந்து வரும்? எனக்குள் கிடப்பதிலிருந்துதான். அந்த நாவல் நடப்பது பனி கொட்டும் ஒரு தேசத்தில். நான் பனியைப் பார்த்தவன் இல்லை. சாமித்தோப்பு உப்பளத்தில் வெயிலில் கண் கூசக் குவிந்து கிடக்கும் உப்பைத்தான் அந்தத் தெரு முழுக்கக் கொட்டி வைத்திருக்கிறேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. கிழவியின் வீட்டு முற்றத்தில் ஒரு அயனி மரம்கூட நிற்கிறது, அந்தக் குளிரில் அது எப்படிக் காய்க்கும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

இப்படித் தன் சொந்தப் பொருளைப் போட்டுக் கட்டிய ஆளை மூளை எங்கே வைத்துக்கொள்ளும்? 2021-இல் டிமோதி புரூம் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 19 பேரை ஸ்கேன் செய்தார்கள். திரையில் ஒரு பெயரும் ஒரு குணமும் வரும், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்லவேண்டும். தன் பெயர், நண்பர்களின் பெயர், தொடரில் வரும் பாத்திரங்களின் பெயர். நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியில் ஓர் இடம் இருக்கிறது, தன்னைப் பற்றி யோசிக்கும்போது நன்றாக வேலை செய்யும் இடம். கதைக்குள் தன்னை மறக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு, பிடித்த பாத்திரத்தைப் பற்றி யோசிக்கும்போதும் அந்த இடம் அதேபோல விழித்துக்கொண்டது. தனிமையை அதிகம் உணர்கிறவர்களின் மூளையிலோ, நிஜ நண்பருக்கும் கதை மாந்தருக்கும் நடுவிலிருக்கும் கோடு மங்கியிருந்தது என்று அடுத்து வந்த ஆய்வு சொன்னது. அதை வாசித்தபோது, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷங்களில் நான் யார் யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு என்பது வெறும் உவமை இல்லை. 2014-இல் எடின்பரோ புத்தகத் திருவிழாவை ஒட்டி, 1500-க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் சார்லஸ் ஃபெர்னிஹோ என்ற உளவியலாளரின் குழு கேட்டுப் பார்த்தது. புத்தகத்தை மூடின பிறகும் பாத்திரங்களின் குரல் தங்களோடு தங்குகிறது என்றார்கள் நூற்றுக்கு 19 பேர்.

நாவல் வாசித்தால் மனுஷன் நல்லவனாகிவிடுவான் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. 2013-இல், இலக்கியக் கதை வாசித்தால் அடுத்தவர் மனசை அறியும் திறன் கூடுகிறது என்று காட்டிய ஒரு ஆய்வு பெரிய செய்தியானது, பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆனால் சேர்ந்து அழுவதில் ஏதோ இருக்கிறது. ராபின் டன்பார் என்ற உளவியலாளரின் குழு 2016-இல் ஒரு கூட்டத்துக்குச் சோகப் படம் ஒன்றைக் காட்டி, பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்கச் சொன்னது. இரண்டு நிமிஷத்தில் தொடை எரிய ஆரம்பித்துவிடும், வேண்டுமானால் நின்று பாருங்கள். சாதாரண ஆவணப்படம் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், சோகப்படம் பார்த்தவர்கள் சராசரியாகக் கூடுதல் வலி தாங்கினார்கள், உடன் பார்த்த முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கமும் உணர்ந்தார்கள். உடம்பே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விளக்கம். வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன அடுத்த வீட்டுக்காரியிடம், கொடை ராத்திரியில் அந்தச் சாவு பாடி முடிந்ததும் ஆச்சி கை நீட்டி வெற்றிலை வாங்கிப் போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் அந்த நாவலை முதலில் வாசித்தது ஆச்சி போன அடுத்த வருஷம். கிழவி உருளைக்கிழங்கு சீவினாள் என்றுதான் அச்சில் இருக்கிறது. கத்தியைப் பெருவிரல் பக்கமாக இழுத்து இழுத்துச் சீவினாள் என்றோ, சீவச் சீவ யாரையோ மக்களே என்று கூப்பிட்டாள் என்றோ அதில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிகிற கிழவியின் கையில் இருப்பது மரச்சீனிக் கிழங்கு. போன மாதமும் எடுத்தேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள், பாதி முறம் நிறைந்திருந்தது, அந்தப் பக்கத்தோடு மூடி வைத்தேன்.