விவாகரத்தான பெற்றோரில் ஒருவர் இறந்தால் குழந்தை யாரிடம் வளரும்?

தாராவி, சயான், செம்பூர் எனத் தமிழர்கள் செறிந்து வாழும் மும்பைப் பகுதிகளில், விவாகரத்துக்குப் பின் குழந்தையைத் தனியே வளர்த்துவந்த தாய் இறந்துவிட்டால், காரியம் முடிந்ததும் தாத்தாவும் பாட்டியும் பேரக்குழந்தையை ஊருக்கு அழைத்துச் சென்றுவிடுவதுண்டு. நீதிமன்றம் கஸ்டடியைத் தாய்க்குத்தானே கொடுத்தது, அவருக்குப் பின் அது அவரைப் பெற்றவர்களைத்தானே சேரும் என்பது அவர்களுடைய எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கஸ்டடி உத்தரவு கணவன் மனைவி இருவருக்கும் இடையிலான வழக்கில் பிறப்பிக்கப்பட்டது. சொத்தைப் போல் அது வாரிசுகளுக்கு இறங்குவதில்லை.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவின்படி குழந்தையின் இயற்கைக் காப்பாளர்கள், அதாவது யாரும் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் காப்பாளர்கள், தந்தையும் தாயுமே. விவாகரத்து அந்தத் தகுதியைப் பறிப்பதில்லை. ஆகவே தாய் இறந்தால் தந்தைக்கும், தந்தை இறந்தால் தாய்க்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் மறுமணத்தால் வந்த மாற்றாந்தாயோ மாற்றாந்தந்தையோ இயற்கைக் காப்பாளர் ஆவதில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைப்பதால், இந்த முன்னுரிமையும் முடிந்த முடிவு அன்று.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும். இரண்டுமே விவாகரத்தில் தொடங்கிய வழக்குகள் அல்ல. ஆயினும் இத்தகைய வழக்குகளுக்கும் அவை வழிகாட்டுகின்றன. 2008-இல், மனைவியின் மரணம் தொடர்பான குற்ற வழக்கை எதிர்கொண்டிருந்த தந்தையிடம் சிறுவனை ஒப்படைக்க மறுத்த நீதிமன்றம், அவனுடைய விருப்பத்தையும் கேட்டறிந்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது. 2019-இல், பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த வழக்கில், தந்தையும் தாயும் நோயுற்றிருந்த காலத்தில் தாய்வழி உறவினர் அன்போடு வளர்த்த குழந்தையை, தாயின் மறைவுக்குப் பின் தந்தையிடமே ஒப்படைக்கச் செய்தது. வளர்த்த பாசம் மட்டும் போதாது, தந்தை தகுதியற்றவர் என்று காட்டப்பட வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது. மறுமணம் செய்துகொண்டார் என்பது மட்டுமே அவ்வாறான தகுதிக்குறைவு ஆகாது. குழந்தையை ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காததும், வன்முறையும், கட்டிய ஜீவனாம்சமும் கட்டாத ஜீவனாம்சமும் நிச்சயமாகப் பேசப்படும்.

“என் மகளை என் தாயே வளர்க்க வேண்டும்” என்று ஒரு தாய் உயில் எழுதி வைத்தாலும், தந்தை உயிருடனும் தகுதியுடனும் இருக்கும்வரை அந்த நியமனம் செயல்படாது. அதற்காக எழுதாமல் விட வேண்டியதில்லை. காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890-இன் 17-ஆம் பிரிவு, இறந்த பெற்றோரின் விருப்பத்தைக் கருத வேண்டும் என்றும், விவரம் தெரிந்த வயதுடைய குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்றும் சொல்கிறது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும், அவரவர் தனிச்சட்டத்தோடு சேர்த்து, இந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்.

மனுவை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. மும்பையில் பள்ளிக்குச் சென்றுவந்த குழந்தையை அவசரமாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனதாலேயே அந்த அதிகாரம் அங்கு மாறிவிடாது. பாந்திராவில் உள்ள குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். குழந்தையைத் தரமாட்டோம் என்று பிடித்துவைத்தால், மற்ற தரப்பினர் குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் கூடும். கஸ்டடி கிடைக்காத தாத்தா பாட்டி, பேரக்குழந்தையை விடுமுறையில் பார்க்கவும் தொலைபேசியில் பேசவும் அனுமதி கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணத்தையும் கஸ்டடியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தாயின் சொத்தில் பிள்ளைக்குப் பங்கு உண்டு. விவாகரத்தான கணவருக்கு இல்லை. குழந்தை அவரிடமே வளர்ந்தாலும், அதன் பெயரில் வந்த வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதியின்றி அவர் விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாது.