உருட்டிய ராடு, அடித்த ராடு: எஃகின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

வால்வும், குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டான ஃபிளேஞ்சும் செய்யும் பட்டறைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. வரைபடத்தில் 'ஏஎஸ்டிஎம் ஏ182 எஃப்316' என்று போட்டிருக்கிறது. அது ஃபோர்ஜிங், அதாவது சூட்டில் அடித்தோ அழுத்தியோ உருவாக்கும் பாகங்களுக்கான அமெரிக்கத் தரநிலை. கையிருப்பில் இருப்பதோ ராடுகளுக்கான ஏ479 தரத்தில் வந்த 316 ரோலிங் ராடு, அதாவது உருளைகளுக்கு நடுவே உருட்டி எடுத்தது. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கார்பன் அதிகபட்சம் 0.08 சதவீதம், குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3. இழுவலிமை குறைந்தபட்சம் 515 மெகாபாஸ்கல், நெகிழ்வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 205. எண்கள் அப்படியே பொருந்துகின்றன. பிறகு ஏன் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக் கூடாது?

விடை அந்த அட்டவணையில் இல்லை. எஃகுக்குள் ஓடும் நாரில் இருக்கிறது.

உருகிய எஃகு உறையும்போது, கடைசியாக உறையும் இடங்களில் கந்தகமும் மாங்கனீசும் சேர்ந்து மாங்கனீசு சல்பைடு துணுக்குகளாகத் தங்கிவிடுகின்றன. உருட்டும் சூட்டில் இவை மென்மையானவை. உருட்டப்படும் எஃகுக் கட்டையான பில்லெட் நீள நீள இவையும் கூடவே இழுபட்டு மெல்லிய இழைகளாகின்றன. அலுமினா துணுக்குகள் கடினமானவை. நொறுங்கி, மணி கோத்ததுபோல வரிசையாக நிற்கும். பனைமரம் நீளவாக்கில் வாரையாகி ஓட்டு வீட்டையே தாங்கும், குறுக்கே வட்டமாக அறுத்தால் நாருக்கு நார் விட்டுக்கொடுக்கும். ராடும் அந்த மாதிரிதான்: நீளவாக்கில் இழுத்தால் இழைகள் ஒன்றும் செய்யாது, குறுக்கே இழுத்தால் ஒவ்வோர் இழையும் ஒரு விரிசலின் தொடக்கம். கந்தகம் கூடிய எஃகில் குறுக்குவாட்டு மோதல் சோதனை மதிப்பு நீளவாட்டு மதிப்பில் பாதிக்கும் கீழே இறங்குவது அரிதல்ல.

ராடுக்கான இழுவைச் சோதனைத் துண்டு வழக்கமாக நீளவாக்கில்தான் வெட்டப்படுகிறது. 12.5 மில்லிமீட்டர் விட்டம், நீட்சியை அளக்க 50 மில்லிமீட்டர் குறிநீளம் கொண்ட துண்டு, நார் ஓடும் திசையிலேயே இழுக்கப்படுகிறது. எஃகு தன் பலமான பக்கத்தைக் காட்டித் தேறிவிடுகிறது. சான்றிதழில் 515 என்று இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு திசையின் உண்மை.

இதைத் தரநிலை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். குழாய் இணைப்புகளுக்கான கார்பன் எஃகு ஃபோர்ஜிங் தரமான ஏ105-ஐ எடுத்துக்கொள்வோம். உள்ளே துளையுள்ள உருளை வடிவப் பாகங்களை ராடிலிருந்து கடைந்து எடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. பாகத்தின் அச்சு உலோக ஓட்டத்துக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குழாயைத் திருப்பவும் பிரிக்கவும் போடும் எல்போ, ரிட்டர்ன் பெண்டு, டீ ஆகியவற்றை ராடிலிருந்து நேரடியாகக் கடையக் கூடாது. ஃபிளேஞ்ச் எந்த வகையானாலும் கூடாது. இங்கே பலர் தவறவிடும் ஒரு சொல் இருக்கிறது: அந்த விதி 'ரோலிங் ராடு அல்லது ஃபோர்ஜிங் ராடு' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது, ராடைச் சம்மட்டி அடித்துச் செய்திருந்தாலும், அதிலிருந்து ஃபிளேஞ்ச் கடைந்தால் அது ஏ105 ஃபிளேஞ்ச் ஆகாது. ராடு எப்படிப் பிறந்தது என்பதைவிட, பாகத்தின் வடிவத்தோடு நார் வளைந்ததா என்பதையே தரநிலை கேட்கிறது.

ஃபிளேஞ்சில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போல்ட்டை முறுக்கும்போது தட்டு லேசாகத் திருகிக்கொள்ள முனைகிறது. அப்போது எழும் இழுவிசை, வளையத்தின் சுற்றுவாக்கிலும் ஆரவாக்கிலும் இருக்கும். ராடிலிருந்து கடைந்த ஃபிளேஞ்சில் நார் முழுக்க அச்சுவாக்கில் நிற்கிறது. இழுவிசை குறுக்கே வருகிறது. அதைவிட ஆபத்து, குழாயின் முனையை மூடும் துளையில்லாத பிளைண்ட் ஃபிளேஞ்சில்தான். ராடின் நடுவில் இருக்கும் நுண்துளைகளும் கசடும் ஒரு கோடாக, அழுத்தம் உள்ள முகத்திலிருந்து வெளிமுகம் வரை நேராக ஓடும். வாயுவுக்கு அது திறந்துவைத்த சந்து.

ஃபோர்ஜிங் முறையில் பில்லெட்டிலிருந்து வெட்டிய கட்டை நிமிர்த்தி வைக்கப்பட்டு, சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் மேலிருந்து நசுக்கப்படுகிறது. உயரம் குறையக் குறைய நார் வெளிப்பக்கம் வளைந்து விரிகிறது. பிறகு நடுவில் துளையிடும்போது, கசடு அதிகமிருக்கும் மையப் பகுதியே துண்டாக வெளியே விழுந்துவிடுகிறது. பெரிய அளவுகளில் அந்த வளையத்தை ரிங் ரோலிங்கில் விட்டு, உருளைகளுக்கு நடுவே சுழற்றி விரித்தால் நார் சுற்றுவாக்கில் திரும்பிவிடும்.

அப்படியானால் ஷாஃப்ட், ஸ்டட், பின் போன்ற நீளப் பாகங்களுக்கு? அங்கே ரோலிங் ராடு குறைந்தது என்று நினைப்பது தவறு. 160 மில்லிமீட்டர் சதுர பில்லெட் 40 மில்லிமீட்டர் ரவுண்டாக உருளும்போது, பரப்பளவு 25,600-லிருந்து சுமார் 1,257 சதுர மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. குறைப்பு விகிதம் இருபதுக்கு ஒன்று. வார்ப்பின் துளைகள் நசுங்கி ஒட்டிப்போகும். இன்னொரு பக்கம், 400 மில்லிமீட்டர் விட்ட இங்காட்டை (அச்சில் வார்த்த கட்டியை) 300-க்கு அடித்து 'ஃபோர்ஜிங் ராடு' என்று விற்றால் விகிதம் 1.8 மட்டுமே. பெயர் ஃபோர்ஜிங், உள்ளே பாதி இன்னும் வார்ப்பு. பெரிய ராடுகளுக்குக் குறைந்தது மூன்றுக்கு ஒன்று, முக்கியப் பாகங்களுக்கு நான்குக்கு ஒன்று என்று கேட்பது நடைமுறை. ரோலிங்கிலும் இதே கணக்குதான்: 300-க்கு 400 அளவுள்ள தொடர்வார்ப்பு ப்ளூமிலிருந்து (பில்லெட்டைவிடப் பெரிய கட்டையிலிருந்து) 250 மில்லிமீட்டர் ரவுண்டு எடுத்தால் 2.4 தான் கிடைக்கும். ரோலின் அழுத்தம் ஒவ்வொரு பாஸிலும் மேற்பரப்பை ஒட்டியே அதிகம் வேலை செய்வதால், தடித்த ராடின் மையம் பின்தங்கிவிடும். அகலமான டையும் (அழுத்தும் அச்சும்) ஆழமான அழுத்தமும் உள்ள பிரஸ் இங்கேதான் ரோலிங்கை வெல்கிறது.

ஆனால் பிரஸ்ஸும் தவறு செய்யும். வட்ட ராடை இரண்டு தட்டையான டைகளுக்கு நடுவே வைத்து, சுற்றிச் சுற்றி லேசாக அடித்தால் மையத்தில் இழுவிசை உருவாகி, உள்ளே வெடிப்பு விழும். வெளியே பார்க்க ராடு அழகாக இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் முதலில் சதுரமாக அடித்து அளவைக் குறைத்து, மூலைகளைத் தட்டி எண்கோணமாக்கி, கடைசியில் மட்டும் ரவுண்டு செய்கிறார்கள். அல்லது வி வடிவ டை போடுகிறார்கள். முடிக்கும் சூடு மிக அதிகமாக இருந்தால் எஃகின் படிகப் பரல்கள் பெருத்து, அல்ட்ராசானிக் சோதனையில் பின்சுவர் எதிரொலி மங்கும். அந்த நிலையில் கார்பன் எஃகை நார்மலைஸ் செய்து (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு) மறுபடி பார்த்தால், எதிரொலி திரும்பினால் பரல்தான் காரணம். நடு ஆழத்தில் ஒரு குறி விடாமல் நின்றால் வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். ரோலிங் ராடின் குறைகள் பெரும்பாலும் மேற்பரப்பில்: நீளக் கீறல், மடிப்பு, கார்பன் இழந்த தோல். கடைசலுக்கு விட்ட கூடுதல் அளவு போதுமானால் இவை லேத்திலேயே போய்விடும்.

ஆகவே ஆர்டரில் வெறுமனே 'ஃபோர்ஜ்டு' என்று எழுதினால் போதாது. தரநிலையும் அதன் பதிப்பு ஆண்டும், தொடக்கப் பொருளின் அளவு, குறைப்பு விகிதம், சோதனைத் துண்டின் திசையும் எடுத்த இடமும், ஏ388 முறைப்படி அல்ட்ராசானிக் சோதனை, அந்தச் சரக்கையே சோதித்த முடிவுகளோடு ஆலை தரும் இஎன் 10204-ன் 3.1 வகைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) ராடின் முனையில் குத்தப்பட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒரு ஃபிளேஞ்ச் ராடிலிருந்து வந்ததா என்ற சந்தேகம் வந்தால் ஒன்றைப் பலியிட வேண்டியதுதான். கார்பன் எஃகானால், மையம் வழியாக நெடுக்காக அறுத்து, முகத்தை நன்றாகத் தேய்த்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் 70 முதல் 80 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், புகைபோக்கியின் கீழ். எடுத்துக் கழுவினால் கோடுகள் தெரியும். ஃபிளேஞ்சின் கழுத்தான ஹப்பிலிருந்து தட்டுக்குள் கோடுகள் முழங்கை மடங்குவதுபோல வளைந்து சென்றால் அது அடித்து உருவானது. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு நூல் பிடித்ததுபோல நேராக ஓடி, ஹப்பின் வளைவில் வெட்டுண்டு நின்றால் அது ராடிலிருந்து கடைந்தது, சான்றிதழ் என்ன சொன்னாலும்.