பாக்கெட் கேமரா வாங்கும் முன்: சர்வீஸ் மேசையிலிருந்து சில விஷயங்கள்

"எந்தக் கேமரா நல்ல படம் எடுக்கும்?" என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். அதைப் படம் எடுக்கிறவர்களிடம் கேட்பதுதான் சரி. கேமரா சர்வீஸ் செய்கிற எனக்கு நன்றாகத் தெரிந்தது, எந்தக் கேமரா எதனால் பழுதாகி வருகிறது என்பது. ஆனால் தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கேமரா வேண்டும் என்பவருக்கு இந்த விவரம்தான் முதலில் தேவை. அலமாரியில் பெட்டிக்குள் இருக்கும் கேமராவுக்கு வராத சீக்கெல்லாம் பேன்ட் பாக்கெட்டில் சாவியோடும் சில்லறையோடும் பஸ் ஏறுகிற கேமராவுக்கு வரும்.

2010-இல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் காம்பாக்ட் கேமராக்கள், அதாவது லென்ஸ் உடம்போடு சேர்ந்தே வரும் சின்னக் கேமராக்கள், சந்தைக்குப் போயின. ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சந்தையைச் சாப்பிட்டதில், 2023-இல் அந்தக் கணக்கு 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மலிவான மாடல்களில் பெரும்பாலானவற்றை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. இப்போது மறுபடி கல்லூரிப் பிள்ளைகள் சின்னக் கேமரா தேடுகிறார்கள். அவர்கள் முன்னால் இருப்பவை விலை கூடிய புது மாடல்கள், பத்துப் பதினைந்து வருடப் பழசு, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. மூன்றிலும் ஏமாற வழி இருக்கிறது.

முதலில் சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள், சென்சார் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். மலிவான காம்பாக்டுகளில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 இன்ச் வகை. அளவு சுமார் 6.2 x 4.6 மி.மீ. 'ஒரு இன்ச்' வகை (இன்ச் என்பது பெயரில்தான்) 13.2 x 8.8 மி.மீ., பரப்பில் அதைப்போல நான்கு மடங்கு. ஏபிஎஸ்-சி என்ற இன்னும் பெரிய வகை 23.5 x 15.6 மி.மீ., பரப்பில் 1/2.3-ஐப் போலப் பதின்மூன்று மடங்கு. இன்றைய நல்ல போன்களின் முதன்மைக் கேமராவே 1/2.3 இன்ச்சை விடப் பெரிய சென்சாரோடு வருகிறது. அதனால் ஜூம் வேண்டும், நிஜமான ஃபிளாஷ் வேண்டும், அல்லது அந்தப் பழைய கேமராவின் நிறம்தான் பிடித்திருக்கிறது என்றால் 1/2.3 வாங்குங்கள். போனை விடத் தெளிவாக வரும் என்று நம்பி வாங்கினால் வருத்தம்தான் மிஞ்சும்.

லென்ஸின் முகப்பு வளையத்தில் பொடி எழுத்தில் 1:1.8-4.9 என்பது போல எழுதியிருக்கும். இது அபெர்ச்சர் எண் (எஃப் எண்), வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்து, ஆகா 1.8 என்று மயங்கிவிடுகிறார்கள். அது ஜூம் செய்யாதபோது மட்டும். முழு ஜூமில் அது 4.9 ஆகிவிடும். உள்ளே வருகிற வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறையும். சாயங்காலம் கோயில் பிரகாரத்தில் ஜூம் போட்டு எடுத்த படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கேமராவில் கோளாறு என்று என்னிடம் கொண்டுவருவார்கள். கோளாறு ஒன்றும் இருக்காது.

உண்மையான கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நீண்டு சுருங்கும் அந்த லென்ஸ் குழல். ஆன் செய்ததும் சின்ன மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பற்சக்கரங்களைச் சுற்றுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் குழல்கள் தங்கள் பள்ளத் தடத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. உள்ளே ஷட்டருக்கும் ஃபோகஸுக்கும் மின்சாரம் கொண்டு போகும் ரிப்பன் கேபிள், ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. அந்தத் தடத்தில் ஒரே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும். குழல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும், 'லென்ஸ் எரர்' என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். கழற்றிப் பார்த்தால் பல் ஒன்று மொட்டையாகியிருக்கும், பக்கத்தில் மெரினா மணல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும்.

மணல் இல்லாமலும் இது நடக்கும். பாக்கெட்டில் இருக்கும்போது பவர் பட்டன் தானாக அழுந்துகிறது. லென்ஸ் வெளியே வரப் பார்க்கிறது, ஜீன்ஸ் துணி விடமாட்டேன் என்கிறது. மோட்டார் தள்ள, பல் உடைகிறது. ஆகவே கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் பவர் பட்டனைத் தடவிப் பாருங்கள். உடம்போடு சமமாகவோ சற்று உள்வாங்கியோ இருந்தால் நல்லது. துருத்திக்கொண்டு, லேசாகத் தொட்டாலே ஆன் ஆனால் அது பாக்கெட்டுக்கு ஆகாது. எந்த விமர்சன வீடியோவிலும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று தூசி. குழல் நீள்வதும் சுருங்குவதும் கொல்லன் துருத்தி மாதிரி காற்றை இழுத்துத் தள்ளும். பாக்கெட்டில் இருக்கும் நூல்பிசிறு அந்தக் காற்றோடு போய்ச் சென்சார் மேல் உட்காரும். லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். இதில் முழு உடம்பையும் பிரிக்க வேண்டும். தூசி இருக்கிறதா என்று பார்க்க, அபெர்ச்சர் எண்ணை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தால் அது தூசிதான். வீடியோ பார்த்து நீங்களே பிரிக்கப் போகாதீர்கள். ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் இருக்கும். விரல் பட்டால் அடி பலமாக விழும்.

சரி, எதை வாங்குவது? சட்டைப்பையில் போட வேண்டும், படமும் தரமாக வேண்டும் என்றால் ரிக்கோ ஜிஆர் வரிசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2019-இல் வந்த ஜிஆர் 3, பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம்தான். உள்ளே ஏபிஎஸ்-சி சென்சார். ஜூம் இல்லை, ஃபிளாஷ் இல்லை, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை, மழைக்குப் பாதுகாப்பும் இல்லை. பேட்டரி சுமார் 200 படம் தாங்கும், கூட ஒன்று வாங்கியே ஆக வேண்டும். தெருவில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு இது பொருந்தும். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மகளை எடுக்க நினைப்பவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அவருக்குச் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 சரி. ஒரு இன்ச் சென்சார், 24-200 மி.மீ.க்கு இணையான, அதாவது சுமார் எட்டு மடங்கு ஜூம், 302 கிராம். உச்சி வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியாதபோது, மேலே எழும்பும் அதன் சின்ன வ்யூஃபைண்டர் கை கொடுக்கும். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3-உம் கிட்டத்தட்ட இதே எடை. ஜூம் குறைவு, ஆனால் முழு ஜூமிலும் எஃப் 2.8 வெளிச்சம் கிடைக்கும்.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையை எல்லாரும் கேட்கிறார்கள். அழகான கேமரா, மறுக்கவில்லை. 2024-இல் வந்த ஆறாம் தலைமுறை 521 கிராம். அது தோளில் மாட்டும் கேமரா, பாக்கெட் கேமரா இல்லை. மழைத் துளியும் தூசியும் தாங்கும் என்ற பெயரும், முன்னால் தனியாக வாங்கும் அடாப்டர் வளையமும் ஃபில்டரும் மாட்டினால் மட்டுமே. அதை மாட்டாமல் மழையில் நனைத்துவிட்டு வாரண்டி கேட்காதீர்கள்.

கடற்கரை, வயல், கட்டட வேலை நடக்கும் இடம் என்று சுற்றுகிறவர்கள் படத்தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 மாதிரி ஒன்றை எடுக்கலாம். இப்போது அதே வரிசை ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். ஜூம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடக்கிறது, வெளியே நீளும் குழல் கிடையாது. நான் மேலே புலம்பியதில் பாதி இதற்குப் பொருந்தாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

இனி பழைய கேமரா. போன மாதம் ஒரு பையன் வந்தான். "அண்ணா, ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு, கார்டு போட்டா எடுக்க மாட்டேங்குது" என்றான். கேமரா நன்றாகத்தான் இருந்தது. 2005 வாக்கில் வந்த மாடல் அது, 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டு அதற்குப் புரியாது. தம்பி போட்டிருந்தது 64 ஜிபி. அந்தக் காலத்து ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு என்று தனி ஜாதி. அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், பழைய கார்டுகளுக்குக் கேமராவின் விலையை விடக் கூடக் கேட்கிறார்கள். எந்தக் கார்டு, எந்தப் பேட்டரி என்று தெரியாமல் பழசுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் அமைதியான இடத்தில் வைத்து, நான்கைந்து முறை ஆன் செய்து அணையுங்கள். லென்ஸ் போய் வரும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். கரகரப்போ திக்கலோ இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் லென்ஸ் நீண்டிருக்கும்போது போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இது சகஜம். காம்பாக்டில் அதைத் துடைத்தெடுக்க ஆகும் கூலிக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிவிடலாம்.

பெயர் தெரியாத '4கே, 48 மெகாபிக்சல்' கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் திறந்து பார்த்தவற்றில் பழைய மலிவு போனில் இருப்பது போன்ற குட்டி சென்சாரும் நகராத பிளாஸ்டிக் லென்ஸும்தான் இருந்தன. 48 என்பது, சின்னப் படத்தை உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. குழந்தைக்கு விளையாட வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவுக்காரர் வாங்கிவருவதாக இருந்தால், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்தக் கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள். பல பிராண்டுகளில் அது வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். கூடுதல் பேட்டரி வாங்கும்போது பாதி விலைப் போலியைத் தவிருங்கள். அது உள்ளேயே உப்பிப்போய் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். இடுக்கி வைத்து இழுத்தால் ஓட்டை விழுந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

வாங்கிய பிறகு ஒரு மெல்லிய துணிப்பை போதும், விலை உயர்ந்த தோல் உறை வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் ஃபங்கஸ் வரும். வாரத்துக்கு ஒரு முறை அந்தத் துணிப்பையையும் பேன்ட் பாக்கெட்டையும் உள்பக்கம் வெளியே வர இழுத்து உதறுங்கள். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே உதறிவிடுங்கள்.