மதுரையின் நள்ளிரவும் கணினியின் நேற்றும்

தெற்கு ஆவணி மூல வீதி அருகே ஓர் அடகுக் கடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த முதல் வாரமே, திருமங்கலத்து அம்மா ஒருவர் சீட்டோடு திரும்பி வந்தார். அவர் நகை வைத்தது 2024 ஜனவரி 15. சீட்டில் 14 என்று இருந்தது. தவணைக்கு ஒரு நாள் தாண்டினாலும் அந்தக் கடையில் அடுத்த மாத வட்டியும் சேரும். அவர் கோபம் நியாயமானது, தவறு என்னுடையது.

நடந்தது இதுதான். என் நிரல் தேதியை "ஜனவரி 15, நள்ளிரவு 12 மணி" என்று வைத்துக்கொண்டது. தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றியது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது; ஆகவே மதுரையின் நள்ளிரவு அங்கே 14ஆம் தேதி மாலை 6.30. தரவுத்தளம் மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தது.

நகை வைத்த நாளுக்கு மணியே தேவையில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளைப் போல, "2024-01-15" என்று மட்டும் அனுப்பினால் போதும். நான் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் அதை 2000 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள் கணக்காக, 8780 என்ற முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. தொண்ணூறு நாள் தவணை என்றால் 90ஐக் கூட்டினால் முடிந்தது.

மாதக் கணக்குதான் வம்பு. 2024 ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளும் பிப்ரவரி 29 என்கின்றன; எஸ்க்யூலைட் என்ற மற்றொன்று வழக்கமாக மார்ச் 2 என்கிறது. நிரல் ஒரு பக்கம், தரவுத்தளம் ஒரு பக்கம் என்று கணக்குப் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும், அதுவும் நகை வைத்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். பிப்ரவரி 29இலிருந்து அடுத்த மாதத்தை எண்ணினால் மார்ச் 29 வரும், 31 தொலைந்துபோகும்.

கணக்கிட்ட தவணைத் தேதியைச் சேமிக்கிறேன். அது சீட்டில் அச்சிட்டுக் கொடுத்த வாக்கு. கடை நாளை விதியை மாற்றினாலும் பழைய சீட்டு மாறக் கூடாது. "இன்னும் எத்தனை நாள்" என்பதைச் சேமிப்பதில்லை. ஒரே இரவில் அது பொய்யாகிவிடும். கேட்கும்போது தவணைத் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்துக்கொள்கிறேன்.

அந்த "இன்று" எவருடைய இன்று என்பதிலும் கவனம் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு வைகைக் கரையில் 16ஆம் தேதி பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். பொது நேரத்தில் ஓடும் சர்வரில் இன்னும் 15தான். அதனால் இந்திய நேரத்தைக் குறிக்கும் "ஏசியா/கொல்கத்தா" நேர மண்டலத்தைச் சொல்லியே தேதியைக் கேட்கிறேன்.