வான்வழித் தொற்றாம்!

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸொன்றில் ஒட்டியிருக்கிறார்கள்: ‘வான்வழித் தொற்றைத் தவிர்ப்போம்.’ கொவிட் காலத்தில் தொற்றிய பிழை, இன்னும் குணமாகவில்லை.

இதன் ஆங்கில மூலம் ‘எயார்போர்ன்’ (airborne). அப்படியென்றால் காற்றால் சுமக்கப்படுவது. விமானத்தில் போய்க் குதிக்கும் படையினருக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நம் மொழிபெயர்ப்பாளர் அந்த விமானத்தில் ஏறிவிட்டார். சிங்களத்தில் காற்றுக்கு ‘வாதய’ என்பார்கள். அதைப் பார்த்து எழுதியிருந்தால்கூட வானம் வந்திராது.

தமிழில் வான் என்பது ஆகாயம், மேகம், மழை. வள்ளுவரின் வான்சிறப்பு மழையைப் பற்றியது. மூக்கால் போய்வரும் காற்றை யார் வான் என்றது? 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டார்களே, அது வான்வழி. சீனக்குடா விமான நிலையத்தில் இறங்குவது வான்வழி. இருமல் எப்போது பறக்கத் தொடங்கியது?

வானம் வெளியே இருப்பது. வான்வழியாக வருகிறது என்றால் பயணி யன்னலைத்தானே சாத்துவார்? செய்யவேண்டியதோ நேர்மாறு. காசநோயும் சின்னமுத்தும் (தட்டம்மை) கொவிட்டும் பரவுவது பஸ்ஸுக்குள் இருப்பவரின் மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளிவரும் நுண்துகள்களால். பின்சீற்றில் பிடித்த சுருட்டு முன்சீற்றில் மணப்பதுபோல அவை மிதந்து வரும். யன்னல் திறந்திருந்தால் கலைந்துபோகும். உள்காற்றையே சுற்றவிடும் ஏசி பஸ்ஸில் தேங்கும். சின்னமுத்துக் கிருமி, நோயாளி இறங்கிப்போன பிறகும் 2 மணித்தியாலம் வரை அங்கே தொற்றக்கூடியது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘வளிவழித் தொற்று’ என்கிறார்கள். வளி நல்ல சொல்தான். ‘வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்’ என்று குறளில் இருக்கிறது, நம் பாடநூல்களிலும் வளி மாசடைதல் உண்டு. ஆனால் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்ற இடத்தில் அதே வளி வாதம். வைத்தியம் தெரிந்தவர் வாதநோய் என்று எடுத்துக்கொள்வார். தெரியாதவர் ‘வலிவழி’ என்று வாசித்து எங்கே வலி என்று தேடுவார். அறிவித்தல் எழுதுவது புலமை காட்டவா, நோயைத் தடுக்கவா?

கட்டுரைக்குக் காற்றுவழித் தொற்று போதும். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் கொவிட் எயார்போர்ன் அல்ல என்று அடித்துச் சொல்லி, 2024இல் ‘காற்றினூடாகப் பரவுவது’ என்ற பொதுப்பெயருக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் ஒட்டுவதற்கு அந்தப் பெயரும் வேண்டாம்: ‘இந்த நோய் காற்றில் பரவும். யன்னலைத் திறந்து வையுங்கள்.’