மலைவீட்டில் ஓசையடங்கிய கணினி

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் மூதாட்டி ஒருவர் பாடிய படுகு மொழிப் பாடலை, உதகையிலுள்ள என் வீட்டில் ஒரு மார்கழி இரவில் செப்பம் செய்துகொண்டிருந்தேன். பாட்டின் கடைசி அடியில் அவர் குரல் தேய்ந்து தேய்ந்து மூச்சோடு மூச்சாகக் கரைந்துவிடும். அந்த இடத்தில், குரலுக்கு அடியில், தாழ்ந்த முரலொலி ஒன்று கேட்டது. அது பதிவிலேயே இருக்கிறதா, மேசைக்குக் கீழிருக்கும் கணினியின் விசிறி எழுப்புகிறதா, அல்லது ஒலிக்கம்பி வழியாக மின்சாரத்திலிருந்து கலக்கிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. உதிரி பாகங்களை வாங்கி நானே பூட்டிய கணினி அது. ஆகவே அதை மறுபடி கழற்றி, வெப்பமும் ஓசையும் எங்கே பிறந்து எப்படிப் பயணம் செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

பாட்டின் உச்சம் 70 டெசிபலில் கேட்கும்படி ஒலிபெருக்கியை வைத்தால், அதைவிட 45 டெசிபல் தாழ்ந்து ஒலிக்கும் மூச்சு 25 டெசிபலில்தான் காதுக்கு வந்து சேரும். பக்கத்தில் கணினி 35 டெசிபலில் இரைந்துகொண்டிருந்தால் அந்த மூச்சு நமக்கு இல்லாததாகிவிடும். 16 பிட் பதிவு கொள்கையளவில் 96 டெசிபல் வீச்சைத் தாங்கக்கூடியது. அந்த வீச்சின் கீழ்ப்பகுதியை முதலில் விழுங்குவது அறையின் இரைச்சல்தான். சமவெளி நகரத்தில் வண்டிச் சத்தம் கணினியின் ஓசையை மறைத்துவிடுகிறது. பனி விழும் உதகை இரவில் மறைப்பதற்கு வேறெதுவும் கிடையாது.

ஓசைக்கு வேர் வெப்பம். கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 300 வாட் இழுக்கும் கணினி, அறையைப் பொறுத்தவரை ஒரு 300 வாட் அடுப்பு. இந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும், கட்டைவிரல் நகம் முதல் தபால்தலை வரையிலான பரப்புள்ள சில்லுகளில் பிறக்கிறது. அங்கிருந்து அதை ஹீட்சிங்க் என்னும் உலோகத் தகடுகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிராசசரின் மூடியும் ஹீட்சிங்க்கின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், இரண்டையும் ஒட்டிவைத்தால் நடுவே நுண்ணிய காற்றிடைவெளிகள் தங்கிவிடும். செம்பின் வெப்பக் கடத்தல் திறன் 400 என்றால் காற்றினுடையது 0.026தான். பற்பசைபோல் பிதுக்கித் தடவும் தெர்மல் பேஸ்ட் செம்போடு ஒப்பிட்டால் மிகச் சாதாரணமான கடத்தியே. ஆனால் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புகிறது என்பதற்காகவே அது தேவைப்படுகிறது. எனவே மெல்லியதாகத் தடவுவதே சரி. என் ஹீட்சிங்க்கைக் கழற்றியபோது பேஸ்ட் காய்ந்து, வறண்ட ஏரிமண்போல வெடித்து, ஒரு மூலையில் உதிர்ந்தே போயிருந்தது. துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்துப் பூட்டியதில், அதே வேலைக்கு வெப்பநிலை 9 பாகை குறைந்தது.

ஹீட்சிங்க்கின் அடிக்கட்டையிலிருந்து தகடுகளுக்கு ஏறும் செப்புக் குழாய்களைத் திடமான செப்புக் கம்பிகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவை உள்ளே வெற்றிடமாக்கப்பட்டு, சில துளிகள் நீர் மட்டும் விட்டு மூடப்பட்ட வெப்பக்குழாய்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதன் இயக்கத்தை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேகமாட்டேன் என்கிறது. அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். வெப்பக்குழாய்க்குள் அழுத்தம் மிகமிகக் குறைவு என்பதால் நீர் 40 பாகைச் சூட்டிலேயே ஆவியாகி, மேலே தகடுகளிடம் சென்று குளிர்ந்து, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சு வழியே திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மீண்டும் அடிக்கு வந்துவிடுகிறது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய வடிவமே இன்றைய வெப்பக்குழாய்களுக்கு முன்னோடி. லாஸ் அலமோஸும் ஏறத்தாழ உதகையின் உயரத்திலேயே இருக்கும் ஒரு மலையூர். குழாய் மூடப்பட்டிருப்பதால் வெளியே மலையா கடற்கரையா என்பது அதற்குப் பொருட்டில்லை. மலை என்பது அதற்கடுத்த கட்டத்தில், தகட்டிலிருந்து வெப்பம் காற்றுக்கு மாறும் இடத்தில்தான் கணக்கில் வருகிறது.

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 பாகைச் சென்னையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோ, 15 பாகை உதகையில் அது 0.93 கிலோ. விசிறி தள்ளுவது கன அளவைத்தான். வெப்பத்தைச் சுமப்பதோ நிறை. ஆகவே அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தை எடுத்துச் செல்லும். இதைக் கேட்டு, மலைக்குக் கூடுதல் விசிறி வேண்டும் என்று முடிவு கட்டுவோர் உண்டு. கணக்கைக் கடைசிவரை போட்டால் விடை மாறிவிடும். நிமிடத்துக்கு 1.4 கன மீட்டர் காற்று, கணினியின் கூடான கேபினெட்டின் வழியே செல்கிறது, உள்ளே 300 வாட் வெப்பம் பிறக்கிறது என்று கொள்வோம். சென்னையில் அந்தக் காற்று வெளியேறும்போது சுமார் 11 பாகை சூடேறியிருக்கும். அதாவது 30 பாகையில் நுழைந்து 41-இல் வெளிவரும். உதகையில் சுமார் 13.5 பாகை சூடேறும். ஆனால் 15-இல் நுழைந்ததால் 28.5-இல் வெளிவந்துவிடும். மலை ஒரு கையால் இரண்டரைப் பாகையை எடுத்துக்கொண்டு மறு கையால் பதினைந்தைக் கொடுக்கிறது.

இந்த உபரியை என்ன செய்வது என்பதே கேள்வி. பலர் பிராசசரை இன்னும் குளிர்ச்சியாக வைத்திருப்பதில் அதைச் செலவிடுகிறார்கள். அது வீண் என்பது என் கருத்து. பெரும்பாலான பிராசசர்கள் 95 அல்லது 100 பாகையை எட்டினால்தான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. 70 பாகையில் இயங்குவதற்கும் 55-இல் இயங்குவதற்கும் வேலையில் வேறுபாடு தெரியாது. சென்னைக் கணினியைப் போலவே நம் கணினியும் 41 பாகைக் காற்றை வெளிவிடலாம் என்று ஒப்புக்கொண்டால், காற்றோட்டத்தைப் பாதியாக்கிவிடலாம். விசிறியின் வேகம் பாதியானால் காற்றோட்டமும் பாதியாகும், அது தரும் அழுத்தம் கால்பங்காகும், ஓசையோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். காற்றோட்டம் மெதுவானால் தகடுகளிலிருந்து வெப்பம் பிரிவதும் சற்று மந்தமாகும் என்பதால் நடைமுறையில் இந்த லாபம் முழுவதும் கைக்கு வராது, வருவதே போதுமானது.

அழுத்தம் கால்பங்காகும் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை வாட்டும் நீண்ட தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, தொட்டியின் ஒரு முனையிலுள்ள பெரிய விசிறியால் கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். இலையை அளவுக்கு மேல் கனமாகப் பரப்பினால் விசிறி சுற்றிக்கொண்டேயிருக்கும். காற்று மேலே வராது, இலை வாடாது. கணினியிலும் நெருக்கமான தகடுகள், தூசு அடைத்த வடிகட்டி, கண்ணாடி முகப்பு ஆகியவை அந்தக் கனத்த இலைப் படுகைதான். மெதுவாகச் சுழலும் விசிறிக்கு அவற்றை ஊடுருவும் அழுத்தம் இருக்காது. ஆகவே ஓசையடங்கிய கணினிக்கு முதல் தேவை விலையுயர்ந்த விசிறியன்று, காற்று தடையின்றி நுழையும் வலைமுகப்புள்ள கேபினெட். அதன்பின் 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு மூன்றை மெதுவாகச் சுழலவிடலாம். அகன்ற விசிறி அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளிவிடும். ஒரே அளவு ஓசையுள்ள இரண்டாவது விசிறியைச் சேர்ப்பதால் கூடுவது 3 டெசிபல்தான். வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் 15 டெசிபலோடு ஒப்பிட்டால் அது சிறு விலை.

எவ்வளவு ஓசை என்பதோடு எப்படிப்பட்ட ஓசை என்பதும் முக்கியம். ஏழு இறகுள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றால், நொடிக்கு 140 முறை இறகுகள் ஒரு புள்ளியைக் கடக்கின்றன. 140 ஹெர்ட்ஸில் ஓர் மெல்லிய சுரம் எழுகிறது. பக்கத்து விசிறி 1,230 முறை சுழன்றால் அதன் சுரம் 143.5 ஹெர்ட்ஸ். இரண்டும் கலந்து நொடிக்கு மூன்றரை முறை ஏறி இறங்கும் விம்மலாகக் காதில் விழும். தம்பூராவின் இரு தந்திகள் சுருதி சேராதபோது கேட்கும் அதே விம்மல்தான் இது. சீரான இரைச்சலை மனம் மறந்துவிடும், விம்மலை மறக்காது. வேலை கூடிக் குறையும்போதெல்லாம் விசிறி சீறி எழுந்து அடங்குவதும் அப்படித்தான். பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், வெப்பநிலை மாற்றத்துக்கு விசிறி உடனே துள்ளாமல் சில நொடிகள் தாமதித்து நகரும்படி அமைப்பது, பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து கிடைக்காத நிம்மதியைத் தரும்.

வெப்பத்தைப் பிறக்குமிடத்திலேயே குறைக்கவும் வழியுண்டு. சில்லு இழுக்கும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் திறன் 19 விழுக்காடு வரை குறைகிறது. சில்லு தடுமாறாத வரையில் வேகம் இழக்கத் தேவையில்லை.

என் வீடு பழைய பலகைத் தளம் போட்டது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிர, கேபினெட்டின் கால்கள் அந்த அதிர்வைப் பலகைக்கு ஊட்ட, அறை முழுவதும் ஒரு வீணைக் குடம்போல ஒலித்துக்கொண்டிருந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்தபோது அதிர்வு கைக்கே தெரிந்தது. கேபினெட்டின் உள்ளே பஞ்சு அட்டை ஒட்டிப் பார்த்தேன், பயனில்லை. 120 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.8 மீட்டர், ஒரு சென்டிமீட்டர்ப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே அல்ல, கூர்மையான கீச்சொலிகளை மட்டுமே அது அடக்கும். டிஸ்க்கின் திருகுகளுக்கு மென்மையான ரப்பர் வளையங்களும், கேபினெட்டின் கீழே தடித்த தென்னைநார் மிதியடியும் வைத்த பிறகே பலகை வாய்மூடியது.

மேகம் வீட்டுக்குள் புகும் ஊரில் ஈரம் பற்றிய அச்சம் இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்பாகங்கள் அறையைவிடச் சூடாக இருப்பதால் அவற்றில் நீர் படியாது. நாட்கணக்கில் அணைத்துவைத்த, சில்லிட்ட கணினியை ஈரமும் வெப்பமும் நிறைந்த அறைக்குக் கொண்டுவரும்போதுதான் கவனம் வேண்டும். சில மணி நேரம் கழித்து இயக்கினால் போதும். என் அனுபவத்தில் ஈரத்தைவிட விறகடுப்புப் புகையின் பிசுக்கே தகடுகளுக்குப் பெரிய பகை.

இனி கம்பி வழியே வரும் ஓசை. மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையிலேயே இருக்கும் ஒலிச் சுற்று, நூற்றுக்கணக்கான வாட் ஏறியிறங்கும் மின்பாதைகளோடு ஒரே தரைக்கம்பியைப் பகிர்ந்துகொள்கிறது. ஹெட்போனில் ஒன்றும் ஒலிக்காதபோது மவுஸை நகர்த்தினால் மெலிதாகக் கிறீச்சிடுவது அதனால்தான். கணினிக்கு வெளியே தனிப்பெட்டியாக இருக்கும் ஒலிமாற்றி இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். இன்னொன்று எர்த் சுழல்: கணினி ஒரு பிளக்கிலும் ஒலிபெருக்கி வேறு பிளக்கிலும் எர்த் ஆகி, ஒலிக்கம்பியும் இரண்டையும் இணைத்தால் ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் ஏறிக்கொள்ளும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒளியிழைக் கம்பி இணைப்பு வளையத்தையே அறுத்துவிடும். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் முனையை ஒடித்துவிடுவது உயிரோடு விளையாடுவது. எர்த் இல்லாத பழைய பிளக்கில் இட்ட கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று உறுத்துமே, அது பவர் சப்ளையின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கேபினெட்டின் உலோகக் கூட்டுக்கு வரும், ஏறத்தாழ 115 வோல்ட் வரை எட்டக்கூடிய சிறு கசிவு. உறுமலைக் காது பொறுக்கவில்லை என்று சொல்வதற்கு முன் வீட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் முடித்த பிறகு அந்தப் பாட்டை மீண்டும் ஓடவிட்டேன். அறை அடங்கியிருந்தது, ஹெட்போனும் சுத்தமாக இருந்தது; முரலொலி அப்படியே இருந்தது. அலைவெண் வரைபடத்தில் அதைப் பிரித்துப் பார்த்தபோது முகடு 96 ஹெர்ட்ஸில் நின்றது. மின்சார உறுமல் என்றால் அது 50-இன் மடங்காக, 100-இல் நின்றிருக்கும். என் விசிறி என்றால் வேகத்தை மாற்றியபோது நகர்ந்திருக்கும். அப்படியானால் பதிவு செய்த இடத்தில், மின்வலையின் அலைவெண்ணுக்குச் சற்றுப் பின்தங்கிச் சுழலும் ஏதோ ஒரு மோட்டார். ஆறு காந்தமுனையுள்ள மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,000 முறை சுழல முயன்று, சுமை காரணமாக 960 அளவில் சுழலும். அதில் ஆறு இறகுள்ள விசிறி பூட்டப்பட்டிருந்தால் சரியாக 96 ஹெர்ட்ஸ். அடுத்த முறை அந்த ஹட்டிக்குப் போனபோது, பள்ளத்துக்கு எதிர்ச்சரிவிலிருந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று, இலை வாட்டும் தொட்டியின் விசிறி நின்றிருந்த நேரத்தில் இறகுகளை எண்ணினேன். ஆறு இருந்தன.