டிஸ்லெக்சியா: குறைபாடா, இடரா?

"கண்ணில் பழுதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிப்புத்தான் ஏறவில்லை, டீச்சர்" என்றார் அந்தத் தாய். ஆத்தங்குடிப் பக்கத்துக் கிராமம். மூன்றாம் வகுப்பு மகன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தந்தை டைல்ஸ் பட்டறையில் அச்சுக்குள் வண்ணக் கலவை ஊற்றுபவர். எந்தப் பூவுக்கு அச்சின் எந்த அறையில் எந்த நிறம் என்று அந்தப் பையன் பார்க்காமலே சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் அடைத்துவிடும். இந்த நிலைக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் டிஸ்லெக்சியா.

கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கடினமான, செம்மை குன்றிய. 'லெக்சிஸ்' என்றால் சொல். 1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் இந்தச் சொல்லைத் தம் நூலில் விளக்கினார். அவர் கண்டது குழந்தைகளை அன்று. மூளை நோயால் வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே குஸ்மால் என்ற மருத்துவர் இத்தகைய நிலையைச் 'சொற்குருடு' என்று குறித்திருந்தார். பெயர் வைத்தவர் கண் மருத்துவர், பழைய பெயரோ குருடு. கண்ணாடி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் இன்றும் பலர் எண்ணுவதில் வியப்பில்லை. உண்மையில் சிக்கல் பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் இருக்கிறது.

சிறுவர்களிடம் வந்த கதை 1896இல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், அறிவில் எந்தக் குறையும் இல்லாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் பதிவு செய்தார். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டைல்ஸ் பட்டறைக்காரரின் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மக்கு', 'மந்தம்' என்ற சொற்களைப் பள்ளி வாசலோடு நிறுத்திவிட வேண்டும். மக்கிப்போன குப்பையை நினைவூட்டும் ஒரு சொல்லைப் பிள்ளையின் தலையில் எப்படி ஏற்றுவது? 'கற்றல் குறைபாடு' பரவலாக வழங்குகிறது. ஆனால் அது அகன்ற சொல். எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியாவும் கணக்கில் வரும் டிஸ்கால்குலியாவும் அதற்குள் அடங்கும். டிஸ்லெக்சியாவுக்கு 'வாசிப்பு இடர்' என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. 'குறைபாடு' பிள்ளையைச் சுட்டுகிறது. 'இடர்' அவன் நடக்கும் வழியைச் சுட்டுகிறது. 'கடினம்' என்ற கிரேக்கப் பொருளுக்கும் இதுவே நெருக்கம். ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 1995 சட்டத்தில் அது இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அந்தத் தாள் வேண்டும்.

நம் எழுத்திலும் இடர் உண்டு. 'கொ' என்பதைப் பாருங்கள். ககரம் நடுவில், கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். காதில் முதலில் விழுவது ககர ஒலி. கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று விதம். ர, ற வேறு. ந, ன, ண வேறு. பழகிய நமக்கு இவையெல்லாம் மறந்துபோயின. சின்ன வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஆறேழு வயதுவரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள்.

முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்வதை அந்தப் பையனிடம் நான் நிறுத்திவிட்டேன். மறுநாள் வாசிக்க வேண்டிய இரண்டு வரியை முதல்நாளே அவனுக்குக் கொடுத்துவிடுவேன். சொல்லைக் கைதட்டிப் பிரிப்போம்: அம், மா. திண்ணைப் பள்ளியில் விரலால் மணலில் எழுதப் பழக்கினார்கள் அல்லவா, அந்த மணல் இப்போது ஒரு தட்டில் என் மேசையில் இருக்கிறது. அதில் அவன் 'கொ' எழுதுகிறான், தன் காதில் விழும் வரிசையில்: முதலில் ககரம், பிறகு இடப்பக்கம் கொம்பு, கடைசியில் கால்.